லயம் நான்கு, காம்பரா ஏழு

போன மாதம் நிரோஷாவிடம் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன். நான் ஓய்வு பெற்ற பிறகு பிரதேச சபையில் என் நாற்காலிக்கு வந்த பிள்ளை அவள். ஏதாவது சந்தேகம் என்றால் போன் எடுப்பாள். அன்றைக்கும் அப்படித்தான் எடுத்தாள்.

"தேவி அக்கா, இப்ப வார கடிதமெல்லாம் கம்ப்யூட்டர்லதான் பதியிறோம். தோட்டம்னு ஒரு பெட்டி, பிரிவுன்னு ஒரு பெட்டி இருக்கு. லயம் நம்பர் போட எடமே இல்ல. அத விட்டுரவாங்க?"

"விட்டுராத. எடம் இல்லன்னா உண்டாக்கு. முடியாதுன்னா அந்தக் கம்ப்யூட்டர தூக்கி வெளிய போடு."

பிறகு "சரிங்க அக்கா" என்று மெதுவாகச் சொல்லி வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு போன் வரவில்லை. ஒரு பெட்டியைப் பற்றிக் கேட்டதற்கு இந்த மனுசிக்கு இவ்வளவு கோபமா என்று நினைத்திருப்பாள். கோபம் அவள் மேல் இல்லை, என் மேல்தான். அதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை. எழுதுவது எனக்குப் பழகிய வேலை என்பதால் எழுதுகிறேன்.

நான் பிறந்தது ராகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள், ஒரு காம்பரா ஒரு குடும்பத்துக்கு வீடு, அதுதான் லயம். வேலை பார்த்தது அங்கிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஓர் ஊரில். சபையின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே இருப்பவர்கள் இன்னும் என் வீட்டுக் கல்யாணங்களுக்கு வந்து போகிறவர்கள்.

எனக்கு வேலை கிடைத்த கதையைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. தோட்டத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் அது தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். பெரிய கிளாக்கரின் மேசையில் கிடக்கும். அவருக்கு ஞாபகம் வந்தால், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். என் அண்ணனுக்கு ஆசிரியர் நேர்முகத் தேர்வுக் கடிதம் அப்படிப் பெரட்டில் கிடைத்தபோது தேர்வு முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அண்ணன் அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனார். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். அதனால் நான் விண்ணப்பம் போட்டபோது ராகலை டவுனில் ஒரு புடவைக் கடை விலாசத்தைக் கொடுத்தேன். கடிதம் ஒழுங்காக வந்தது, வேலையும் கிடைத்தது. எங்கள் ஊர்களில் பாதிப் பேர் இப்படித்தான், ஏதாவது ஒரு கடையின் பெயரில் கடிதம் வாங்குகிறவர்கள்.

முகாமைத்துவ உதவியாளர் என்பது பதவியின் பெயர். பழைய பேச்சில் கிளார்க். ஒரு மாதப் பயிற்சி கொடுத்தார்கள். அதில் எனக்கு ஞாபகம் இருப்பது பத்து மணித் தேநீர் மட்டும்தான். வேலையைக் கற்றுக்கொடுத்தவர் செயலாளர் ரணவீர சேர். சபைக் கூட்டத்துக்குத் தவிசாளர் தலைவர் என்றால், அலுவலகத்துக்குத் தலைவர் செயலாளர்.

ரணவீர சேர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பேனாவின் மூடியைப் போட்டு மேசையில் வைப்பார். அந்த 'டக்' சத்தத்துக்கு நாங்கள் பயப்படுவோம். கூட்டறிக்கையைச் சிங்களத்தில் வேறொருவர் எழுதுவார், தமிழில் நான் எழுதுவேன். இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று அவர் வரி வரியாகப் பார்ப்பார். ஒரு மர ரூலரை வரிக்குக் கீழே வைத்து, நான் வாசித்துச் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, ரூலரை ஒவ்வொரு வரியாக இறக்குவார். ஆரம்பத்தில் ஒரு தடவை, "உறுப்பினர் ஆவேசமாகக் கூறினார்" என்று எழுதியிருந்தேன். ரூலர் நின்றது.

"மிஸ், ஆவேசத்தை எதனால் அளந்தீர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார். பிறகு ரூலரை என்னிடம் நீட்டி, "இதனாலா?" என்றார். அன்றையிலிருந்து என் கூட்டறிக்கையில் எந்த உறுப்பினரும் ஆவேசப்பட்டதில்லை.

கூட்டறிக்கை தவிர, வரும் கடிதங்களைப் பதியும் பதிவேடும் என் பொறுப்பு. திகதி, இலக்கம், அனுப்பியவர், விலாசம், விடயம் என்று கட்டங்கள். விலாசத்துக்கான கட்டம் இரண்டு விரல் அகலம். கிராமத்திலிருந்து கடிதம் வந்தால் வீட்டு இலக்கம், வீதியின் பெயர் என்று அழகாக அடங்கிவிடும். தோட்டத்துக் கடிதம் அப்படி இல்லை. லயம், காம்பரா, பிரிவு, தோட்டம், டவுன் என்று வால் நீளும். லயமும் காம்பராவும் ஆட்களே வரிசையை எண்ணிப் போட்ட கணக்கு, சபை கொடுத்த இலக்கமில்லை. நான் முன்பாதியை வெட்டிவிட்டுப் பிரிவையும் தோட்டத்தையும் மட்டும் எழுதுவேன். யாரும் கேட்கவில்லை. பதில் எப்படியும் தோட்டத்து ஆபீசுக்குத்தானே போகப் போகிறது, லயமும் காம்பராவும் யாருக்கு என்று நினைத்தேன். பத்தொன்பது வருடம் அப்படியே எழுதினேன். லயத்தில் பிறந்தவள், அண்ணனின் கடிதத்தைப் பார்த்தவள், நானே அப்படிச் செய்தேன் என்பதை இன்றைக்கும் என்னால் சரியாக விளங்கிக்கொள்ள முடியவில்லை.

இனி யோகேஸ்வரி. சபை இருந்த டவுனுக்குப் பக்கத்துத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தவள். முப்பது வயது இருக்கும். அவளும் இன்னும் கொஞ்சப் பேரும் சேர்ந்து 'வீட்டு முகவரி மன்றம்' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். லயத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இலக்கம் வேண்டும், பாதைகளுக்குப் பெயர் வேண்டும், தபால்காரர் வீட்டு வாசலுக்கு வர வேண்டும். அவர்கள் கேட்டது அவ்வளவுதான். வீதிக்குப் பெயர் வைப்பதும் இலக்கம் கொடுப்பதும் சபையின் வேலை என்பதால் எங்களுக்கு எழுதினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையின் வாசிகசாலை மண்டபத்தில் கூடினார்கள். கோயிலுக்குப் பெயின்ட் அடித்து மிஞ்சியதை வாங்கித் தாங்களே கதவுகளில் இலக்கம் எழுதினார்கள். எந்தக் கடிதம் எழுதினாலும் லயத்தையும் காம்பராவையும் முதல் வரியில் எழுத வேண்டும் என்று யோகேஸ்வரி எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

இதைப் பிடிக்காதவர் உறுப்பினர் சிவலிங்கம். தொழிற்சங்கத்துக்காரர். டவுனில் இருந்த அவருடைய சங்க ஆபீஸ்தான் பல குடும்பங்களுக்குக் கடித விலாசம். கடிதம் வாங்க வருகிறவர்கள் அப்படியே சந்தாவையும் பிரச்சினையையும் கொண்டு வருவார்கள். வீட்டு வாசலுக்கே தபால் வந்துவிட்டால் சங்கத்துப் படியில் யார் ஏறுவது? அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். லயத்தில் பிறந்து வந்தவர். தோட்டத்துக்குத் தண்ணீர்க் குழாய் வாங்கிக் கொடுத்தவர். ஆனால் தன்னைக் கேட்காமல் யாரும் எதையும் செய்யக்கூடாது.

நாட்டில் எல்லாரும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்த காலம் அது. அந்த நேரத்தில் கீழ்ப்பிரிவைச் சேர்ந்த மோகன் என்ற வாலிபன், கொழும்பில் கடையொன்றில் வேலை செய்தவன், தீவிரவாதிகளுடன் தொடர்பு என்ற சந்தேகத்தில் பிடிபட்டான். செய்தி டவுனுக்கு வந்த அன்றே பேச்சுக் குறைந்தது. டீக்கடையில்கூட மெதுவாகத்தான் பேசினார்கள்.

அடுத்த வாரம் சிவலிங்கம் அலுவலகத்துக்கு வந்தார். பதிவேட்டில் ஒரு பக்கத்தின் பிரதி வேண்டும் என்றார். உறுப்பினருக்கு அந்த உரிமை உண்டு. நான் பிரதி எடுத்து, 'உண்மைப் பிரதி' என்று முத்திரை குத்தி, கையெழுத்தும் வைத்துக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

ஏழு நாள் கழித்து, சபை தீர்மானிக்க வேண்டும் என்று சிவலிங்கம் கொடுத்த பிரேரணை நிகழ்ச்சி நிரலில் ஏறியது. தீவிரவாதத் தொடர்பு இருப்பதாகச் சந்தேகிக்கப்படும் வீட்டு முகவரி மன்றத்துக்குச் சபையின் மண்டபங்கள், வாசிகசாலை, மைதானம் எதையும் கொடுக்கக்கூடாது, அதன் கடிதங்களைச் சபை ஏற்கக்கூடாது, விபரம் பாதுகாப்புத் தரப்புக்கு அனுப்பப்பட வேண்டும். அதைத் தமிழில் தட்டச்சு செய்தவளும் நான்தான்.

கூட்டத்தில் சிவலிங்கம் என் பிரதியைத் தூக்கிக் காட்டினார். ஒரே பக்கத்தில் இரண்டு பதிவுகள். ஒன்று மன்றத்தின் செயலாளர் யோகேஸ்வரி அனுப்பிய கடிதம். ஐந்து வரி கீழே மோகனின் விண்ணப்பம், பிடிபடுவதற்குப் பல மாதம் முன்பு வாசிகசாலை உதவியாளர் வேலைக்குப் போட்டது. இரண்டுக்கும் நேரே விலாசக் கட்டத்தில் என் கையெழுத்தில் ஒரே வரி இருந்தது.

"தவிசாளர் அவர்களே, நான் சொல்லலீங்க, சபையோட பதிவேடு சொல்லுது. மன்றத்து செயலாளரும் அந்தப் பையனும் ஒரே விலாசம். ஒரே எடத்துல இருந்துதான் எழுதியிருக்காங்க" என்றார்.

தவிசாளரும் பெரும்பாலான உறுப்பினர்களும் கிராமங்களிலிருந்து வந்த சிங்களவர்கள். அவர்கள் ஊரில் ஒரு விலாசம் என்றால் ஒரு வீடு. அவர்கள் திடுக்கிட்டுப் பார்த்ததில் பிழை சொல்ல முடியாது. ஆனால் அந்த மண்டபத்தில் லயத்தில் பிறந்தவர்கள் ஐந்தாறு பேர் இருந்தோம். கீழ்ப்பிரிவு என்பது ஒரு வீடில்லை, பதினாலு லயம், ஒரு மலைச்சரிவு முழுக்க ஆட்கள் என்று எங்களுக்குத் தெரியும். சிவலிங்கத்துக்கும் தெரியும். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. புடவைக் கடை வைத்திருந்த பாரூக் ஹாஜியார், அவரும் உறுப்பினர், வாயைத் திறக்கப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அந்தக் காலத்தில் பேசினால் கடைக்கு என்ன ஆகுமோ என்று அவர் பயந்தது எங்களுக்கு விளங்கும். நான் மூடியதற்கு அந்தக் காரணமும் இல்லை. அதிகாரிகள் சபையில் பேசக்கூடாது என்ற விதியைப் பிடித்துக்கொண்டு பேனாவைப் பார்த்தபடி இருந்தேன்.

பிரேரணை நிறைவேறியது. "ஏகமனதாக" என்று எழுதினேன். மறுநாள் ரணவீர சேர் ரூலர் வைத்துப் பார்த்தார். அந்தச் சொல்லில் ரூலர் நின்றது.

"எத்தனை பேர் கை தூக்கினார்கள்?"

"யாரும் எதிர்க்கவில்லை சேர்."

"நான் அதைக் கேட்கவில்லை."

பாரூக் ஹாஜியார் கை தூக்கவில்லை. "ஏகமனதாக" என்பதை வெட்டி "எதிர்ப்பின்றி" என்று மாற்றினேன். அவர் பேனாவின் மூடியைப் போட்டார்.

இரண்டு வாரம் போனது. யோகேஸ்வரியைப் பிள்ளைக்காம்பரா வேலைக்கு வரவேண்டாம் என்று தோட்டத்து ஆபீசில் சொல்லிவிட்டதாகவும், பொலிஸார் இரண்டு தடவை வந்து போனதாகவும் கேள்விப்பட்டேன். அன்றைக்குத்தான் அந்த இரண்டு கடிதங்களும் போட்டு வைத்திருந்த கோவையை அலுமாரியிலிருந்து எடுத்தேன். யோகேஸ்வரியின் கடிதத்தில் முதல் வரி: லயம் 4, காம்பரா 7. மோகனின் விண்ணப்பத்தில் முதல் வரி: லயம் 11, காம்பரா 2. இரண்டு பேரும் தெளிவாக எழுதியிருந்தார்கள். அவர்களை ஒரே வீட்டில் குடிவைத்தது நான்தான். அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றபடி அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மிச்சக் கடிதங்களைப் பதிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கீழ்ப்பிரிவுக்குப் போனேன். நாலாம் லயம் ஆற்றோரத்தில் இருந்தது. பதினோராம் லயம் மாரியம்மன் கோயிலுக்கு மேலே. ஒன்றிலிருந்து மற்றதற்கு ஏற எனக்குக் கால் மணித்தியாலம் பிடித்தது, மூச்சும் வாங்கியது. கதவுகளில் எழுதியிருந்த இலக்கங்கள் மேல் புதிதாக வெள்ளை அடித்திருந்தது. இறங்கி வந்து விசாரித்து விசாரித்துத்தான் யோகேஸ்வரியின் வீட்டைப் பிடித்தேன்.

அவள் காம்பராவுக்கு முன்னால் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழும்பவில்லை.

"வாங்க மிஸ். நம்பர் இல்லாத வீட்ட எப்புடிக் கண்டுபிடிச்சீங்க?"

செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றேன். அவளே உட்கார ஒரு பலகையைத் தள்ளிப் போட்டாள்.

"பொலிஸ்ல திரும்பத் திரும்ப ஒண்ணுதாங்க கேக்குறாங்க. ஒரே வீட்டுல இருக்கீங்களே, அவன் ஒனக்கு யாரு, தம்பியா, இல்ல வேற எதுவுமான்னு. எம் மாமியாருக்கு முன்னாடி கேட்டாங்க. அந்தப் பையங்கிட்ட நான் நின்னு பேசினதுகூட இல்லீங்க. அவங்க மேல் லயத்து ஆளுக. நாங்க தண்ணி எடுக்குறதே வேற எடத்துல."

"யோகேஸ்வரி, அந்த விலாசத்த அப்புடி எழுதினது நான்தாங்க."

"தெரியும். அந்தத் தாள எனக்குக் காட்டினாங்க. அழகான எழுத்து."

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கீரையை ஆய்ந்தபடி சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத் தேநீர் தரவில்லை. தரவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

திங்கட்கிழமை காலை ரணவீர சேர் குடையை மாட்டி நாற்காலியில் உட்கார்ந்ததும், இரண்டு கடிதங்களையும் பதிவேட்டையும் அவர் முன்னால் வைத்தேன். தமிழ் எழுத்துகளை அவர் ஒவ்வொன்றாகக் கூட்டி வாசிப்பார். ரூலரை எடுத்து முதலில் பதிவேட்டில் வைத்தார், பிறகு கடிதங்களில் வைத்தார்.

"எத்தனை வருடமாக இப்படி எழுதுகிறீர்கள்?"

"பத்தொன்பது வருடம் சேர்."

"பத்தொன்பது வருடமும் இதில் மாத முடிவில் கையெழுத்து வைத்தவன் நான்" என்றார். பிறகு நடைமுறையைச் சொன்னார். பதிவேட்டை வைத்திருப்பவரே பிழையைச் சிவப்பு மையில் திருத்தலாம், பழையதை அழிக்காமல், பக்கத்தில் திகதியும் கையெழுத்தும் வைத்து. அந்தப் பக்கத்துக்கு உண்மைப் பிரதி கொடுத்திருந்தால், பிரதி பிழை என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அது சபைக்குப் போன பிரதி என்பதால், அடுத்த கூட்டத்தில் கூட்டறிக்கையை உறுதிப்படுத்துவதற்கு முன்பு அவர் அதைச் சபைக்கு வாசிக்க வேண்டும்.

"நீங்கள் எழுதிக் கொடுத்தால் அதன் பிரதி உங்கள் சுயவிபரக் கோவைக்குப் போகும். எச்சரிக்கைக் கடிதமும் வரும். போடாமல் விட எனக்கு முடியாது, போடுவேன். இந்த வருடம் உங்களுக்குத் தர உயர்வு இருக்கிறது."

"எழுதாவிட்டால் சேர்?"

"எழுதாவிட்டால், சபைக்கு இந்தப் பதிவேடு சரியாகவே இருக்கும்."

அவர் என்னை எழுதச் சொல்லவில்லை, எழுதாதே என்றும் சொல்லவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேசையின் என் பக்கத்துக்குத் தள்ளினார். அங்கேயே நின்று எழுதினேன். முதலில் எழுதியதில் "மனவேதனையுடன்" என்று ஒரு சொல் இருந்தது. ரூலர் அதில் நின்றது. வெட்டிவிட்டேன்.

அடுத்த கூட்டத்தில் ரணவீர சேர் என் கடிதத்தைச் சிங்களத்தில் வாசித்தார். நான் எழும்பித் தமிழில் வாசித்தேன். இரண்டு கடிதங்களிலும் வெவ்வேறு வீடுகள் எழுதப்பட்டிருந்தன, பதிவேட்டில் அவற்றை விட்டுவிட்டது என் பிழை, சபைக்குக் காட்டப்பட்ட பிரதி பிழையானது. அவ்வளவுதான் கடிதம்.

சிவலிங்கம் எழும்பினார். "இந்த மிஸ்ஸும் தோட்டத்து ஆளுதானே. அவங்களுக்காகப் பேசுறாங்க" என்றார்.

அப்போது பாரூக் ஹாஜியார் கையை உயர்த்தினார். "தவிசாளர், நான் ஒண்டு கேக்கணும். என்ட கடை விலாசத்துல முப்பது நாப்பது குடும்பத்துக்குக் கடிதம் வருது. கண்ணாடி அலுமாரிக்குக் கீழ வச்சிருக்கேன், வந்து பாக்கலாம். சிவலிங்கத்துட சங்கத்துக்கு அத விடக் கூட வருது. ஒரே விலாசம்டா ஒரே ஆக்கள்டு சொன்னா, நாளைக்கி அதுல ஒருத்தன் பிழை செஞ்சா என்னையும் சிவலிங்கத்தையும்தானே புடிக்கணும்?" என்றார். போன கூட்டத்தில் அடக்கியதையும் சேர்த்துச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

தவிசாளருக்கு இன்னும் விளங்கவில்லை. நல்ல மனுசன், உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். "உறுப்பினர் சிவலிங்கம், நீங்களும் தோட்டத்தில் பிறந்தவர்தானே. நீங்கள் பிறந்த வீட்டின் விலாசம் என்ன?"

சிவலிங்கம் தோட்டத்தின் பெயரைச் சொல்லி, "மேல்பிரிவு" என்றார்.

"அது சரி. மேல்பிரிவில் எந்த வீடு? என்ன இலக்கம்?"

சபையில் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் மைக்கைத் தள்ளி வைத்தார். பிறகு குனிந்தபடி, மைக் இல்லாமல், "வீட்டுக்கு நம்பர் இல்லீங்க" என்றார்.

நான் அதை எழுதினேன். "உறுப்பினர் சிவலிங்கம்: வீட்டுக்கு இலக்கம் இல்லை." என் வேலைக்காலத்தில் நான் எழுதிய கூட்டறிக்கைகளில் ரணவீர சேர் ரூலரை நிறுத்தாமல் போன பக்கம் அது ஒன்றுதான்.

அன்றே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். தீர்மானத்தை இடைநிறுத்தினார்கள். முறைப்படி மீளப் பெற இன்னும் மூன்று கூட்டம் பிடித்தது. சபையிலிருந்து பொலிசுக்குத் திருத்தக் கடிதம் போனது. அதை நானே கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவந்தேன். யோகேஸ்வரியைப் பிள்ளைக்காம்பராவுக்குத் திரும்ப எடுத்தார்கள். மோகன் ஒரு வருடத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டு வழக்கே இல்லாமல் வெளியே வந்தான். அந்தக் காலம் முழுக்க அவன் தாய்க்கு எழுதிய கடிதங்கள் தோட்டத்து ஆபீசில் கிடந்தன என்று பிறகு தெரியவந்தது. மன்றத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் பயந்து ஒதுங்கிவிட்டார்கள். ஒரு தீர்மானத்தை மீளப் பெறலாம், பயத்தை அப்படி மீளப் பெற முடிவதில்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, தர உயர்வு இரண்டு வருடம் பிந்தியது. அது நியாயம் என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

தீர்மானத்தை மீளப் பெற்ற பிறகு வந்த ஒரு சனிக்கிழமை, அரை நாள் வேலை, யோகேஸ்வரி கடித மேசைக்கு வந்தாள். கையில் மன்றத்தின் கடிதம். பழைய கோரிக்கைதான், கதவுக்கு இலக்கம். கீழே முன்பு நாற்பது ஐம்பது கையெழுத்து இருக்கும். இந்த முறை ஒன்பதுதான் இருந்தது.

"வச்சிட்டுப் போங்க, பதிஞ்சிர்றேன்" என்றேன்.

"இல்லீங்க மிஸ். பதிங்க. பாத்துட்டே போறேன்."

பதிவேட்டை அவள் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டேன். திகதி போட்டேன், இலக்கம் போட்டேன், பெயர் எழுதினேன். விலாசக் கட்டத்துக்கு வந்ததும் பேனா தானாகவே பிரிவில் ஆரம்பிக்கப் பார்த்தது. பத்தொன்பது வருடப் பழக்கம். நிறுத்தி, லயம் 4, காம்பரா 7 என்று முதலில் எழுதினேன். இரண்டு விரல் கட்டத்தில் அடங்கவில்லை, அடுத்த கட்டத்துக்குள் பாதி போய்விட்டது. பக்கம் அசிங்கமாகத்தான் இருந்தது.

யோகேஸ்வரி மேசையில் கை ஊன்றிக் குனிந்து அந்த வரியை விரல் வைத்து வாசித்தாள். பிறகு இன்னொரு தடவை வாசித்தாள்.

"ஆமாங்க, இதுதான் எங்க வீடு" என்றாள்.